ஒன்றாம் டேங்கின் பூட்டு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று கம்பெனியிலிருந்து கேட்டார்கள். முப்பத்து நான்கு வருஷ அனுபவத்தைச் சுருக்கமாக எழுதுங்கள் என்றார்கள். சுருக்கிப் பார்த்தேன். அரைப் பக்கம் வந்தது. மீதியெல்லாம் கையெழுத்துப் போட்டது, கப்பலுக்குக் காத்திருந்தது, டீ குடித்தது. ஆகவே அந்த அரைப் பக்கத்தையே விரித்து எழுதுகிறேன்.

உங்கள் பயிற்சி அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பூட்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கனமான பித்தளைப் பூட்டு, வளையம் பாதி அறுந்தது. அதன் கீழே எந்த விளக்கமும் கிடையாது. போன மாதம் நான் அங்கே வந்திருந்தபோது உங்களில் ஒரு தம்பி, அது முதலாளி வாங்கிய முதல் பூட்டு என்று பக்கத்திலிருந்தவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்தவர், இல்லை, யாரோ திருடன் அறுத்தது என்றார். இரண்டு பேருக்கும் குறுக்கே போகாமல் வடையைத் தின்றுவிட்டு வந்துவிட்டேன். அறுத்தது திருடன் இல்லை. அறுக்கும்படி ஆக்கிய புத்திசாலி நான்தான்.

கம்பெனி முதலில் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் பூட்டு புரியும். இன்றைக்கு மூன்று துறைமுகங்களில் நமக்கு டெர்மினல் இருக்கிறது. டேங்குகளை எண்ணி முடிப்பதற்குள் உங்களுக்குக் கழுத்து வலிக்கும். நான் சேர்ந்தபோது கம்பெனி என்பது திண்டுக்கல்லில் வத்தலக்குண்டு ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை, தரையில் படுக்கவைத்த இரண்டு இரும்பு டேங்க், ஒரு எடை மேடை, அதன் மேல் எப்போதும் படுத்துக்கிடக்கும் ஒரு நாய். ஸ்பின்னிங் மில்களுக்கும் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கும் பாய்லர் எரிக்க எண்ணெய், கிராமங்களுக்கு மண்ணெண்ணெய். லாரி வரும், இறக்குவோம். லாரி வரும், ஏற்றுவோம். வீட்டுக்குப் போனால் என் சட்டையை மனைவி குச்சியால் எடுத்துத் தனி வாளியில் போடுவாள். அவளுக்கு என் மேல் அன்பு இருந்தது, சட்டை மேல் இல்லை.

முதலாளிக்கு மனிதர்களைப் பற்றி அவ்வளவு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது. பூட்டுகளைப் பற்றி உண்டு. நம்மூர்ப் பட்டறைகளில் தானே போய் உட்கார்ந்து, கண் முன்னால் செய்யச் சொல்லி வாங்கிவருவார். ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. மாற்றுச் சாவி கேட்டால் கோபம் வந்துவிடும். "மாத்துச் சாவி இருந்தா அது பூட்டா? வால்வுக்கு மாட்டுன கம்மல்" என்பார். எந்த வால்வைத் திறக்கக் கூடாதோ அதைப் பூட்ட வேண்டும். பூட்டியவன் சாவியை இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். அவனேதான் வந்து திறக்க வேண்டும். இவ்வளவுதான் சட்டம். எழுதிவைத்ததில்லை. எழுதிவைக்கத் தேவையும் இருக்கவில்லை. டெப்போவில் மொத்தமே ஒன்பது வால்வு. யார் எதைப் பூட்டினான், ஏன் பூட்டினான் என்பது அந்த நாய்க்குக்கூடத் தெரியும்.

இந்தச் சட்டத்தை அப்படியே தூக்கிக்கொண்டு நாங்கள் தூத்துக்குடிக்குப் போனோம்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் நிலம் குத்தகைக்குக் கிடைத்து, முதலாளி அங்கே பெரிய டேங்குகள் கட்டத் தொடங்கியபோது, திண்டுக்கல்லில் இருந்து போன எங்களில் பாதிப் பேர் கடலை அதற்கு முன் சுற்றுலாவில்தான் பார்த்திருந்தோம். கப்பல் என்றால் எங்களுக்குப் பெரிய லாரி. லாரி என்றால் டிரைவரை டீ குடிக்க அனுப்பலாம். கப்பலை அனுப்ப முடியாது என்பது மெதுவாகத்தான் புரிந்தது. கப்பல் துறையில் கட்டியபின் சும்மா நின்றால் அதற்குத் தண்டம் உண்டு. நமக்குப் பின்னால் இன்னொரு கப்பல் வெளியே காத்திருக்கும். சொன்ன நேரத்தில் வாங்கிக்கொள்ள முடியவில்லை என்றால், அடுத்த சரக்கைப் பக்கத்து டெர்மினலுக்குக் கொடுத்துவிடுவார்கள். எங்களிடம் அப்போது இரண்டே டேங்க். இரண்டாவதற்குப் பெயின்ட்கூட அடித்து முடியவில்லை. ஆக, ஒன்றாம் டேங்கும் முதல் கப்பலும்தான் கம்பெனியின் எதிர்காலம். அந்த எதிர்காலத்துக்குப் பொறுப்பாளர் நான். எனக்கு வயது முப்பத்தாறு. எல்லாம் தெரியும் என்ற எண்ணத்துக்கு ஏற்ற வயது.

எனக்கு அடுத்த நிலையில் பிலோமினா என்று ஒரு ஷிஃப்ட் ஆபீசர். நம்மூர்தான், அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கெமிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு வந்து சேர்ந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. வேலை நிரந்தரமாக ஆறு மாதம் கழிய வேண்டும். டெர்மினலில் அவர் ஒருவர்தான் பெண். அவருக்காகத் தனிக் கழிப்பறை கட்ட வேண்டியிருந்தது என்பதை முதலாளி வாரத்துக்கு ஒரு முறையாவது நினைவுபடுத்துவார். பிலோமினா குறைவாகத்தான் பேசுவார். ஆனால் கேள்வி கேட்பார். பதில் சொன்னால் அதிலிருந்து இன்னொரு கேள்வி கேட்பார். நான் அதை ஒரு குறையாகக் குறித்துவைத்திருந்தேன்.

முதல் கப்பல் மண்ணெண்ணெயோடு வருவதாக இருந்தது. இரண்டு நாள் தாமதம் என்று தகவல் வந்ததும் எனக்கு ஒரே மகிழ்ச்சி. சாணார்பட்டிப் பக்கம் என் தங்கை வீட்டில் மறுநாள் காதுகுத்து. நான் தாய்மாமன். என் மடியில் உட்காரவைத்துத்தான் பையனுக்குக் காது குத்த வேண்டும். போகாவிட்டால் தங்கை என்னோடு பேச மாட்டாள். போனால் முதலாளி பேச மாட்டார். கப்பலே தள்ளிப்போனதால் இரண்டு பேரும் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டு, சாயந்திரம் பிலோமினாவிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினேன். ஒப்படைத்தது என்று சொல்வதுகூட அதிகம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே "எல்லாம் சரியா இருக்கு" என்றேன். அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மறுநாள் காலை பதினோரு மணி. பந்தலுக்கடியில் பாய் விரித்து நான் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் மருமகன், தலையில் சந்தனம். ஆசாரி வலது காதைக் குத்திவிட்டார். பையன் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான். அந்த நேரம் என் இடுப்பில் போன் அடித்தது. கம்பெனி கொடுத்திருந்த செல்போன். செங்கல் அளவு இருக்கும். அந்த ஊரில் அன்றைக்கு அது ஒன்றுதான் என்பதால், பையன் அழுவதை விட்டுவிட்டு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கொஞ்சம் பெருமையாகத்தான் எடுத்தேன்.

பிலோமினா. தாமதம் என்ற கப்பல் தாமதமாகவில்லை. விடியற்காலையிலேயே வந்து, துறையிலும் கட்டியாகிவிட்டது. குழாய் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் பம்ப் ஓட்டுவார்கள்.

"சார், ஒண்ணாம் டேங்க் வர்ற வழி வால்வுல உங்க பூட்டு தொங்குது. சாவி எங்க சார்?"

எண்ணெய் டேங்குக்குள் போவதற்கு அந்த வால்வைத் தவிர வேறு வழி கிடையாது. நான் அரைஞாணைத் தடவிப் பார்த்தேன். வீட்டுச் சாவி, சைக்கிள் சாவி, அதோடு அந்தச் சாவி. இருநூறு கிலோமீட்டர் தள்ளி, சந்தனமும் குங்குமமும் பட்டு, என் இடுப்பில்.

"உடைச்சிருங்க" என்றேன்.

"சரி சார். ஏன் சார் பூட்டினீங்க?"

யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. வழக்கமாகப் பூட்டுவதுதான் என்றேன்.

"மத்த வால்வெல்லாம் சும்மாதான சார் கெடக்கு. இத மட்டும் ஏன் பூட்டினீங்க?"

நல்ல கேள்வி. இன்றைக்கு அதை நல்ல கேள்வி என்று சொல்கிறேன். அன்றைக்கு என்னைச் சுற்றி அறுபது உறவினர்கள், ஒரு நாதஸ்வரம், ஒரு ஆசாரி. எல்லோரும் காத்திருந்தார்கள். பாதுகாப்புக்காகப் பூட்டினேன், டேங்க் காலி, நானே பார்த்தது, உடையுங்கள் என்றேன். எந்தப் பாதுகாப்பு என்றார். நான் குரலை உயர்த்தினேன். அவர் உயர்த்தவில்லை.

"பூட்டுனது யாருன்னு எனக்குத் தெரியும் சார். ஏன்னு தெரியல. உங்களுக்கும் தெரியல. ரெண்டு பேருக்கும் தெரியாத பூட்ட நான் உடைக்க மாட்டேன் சார். நெனச்சுப் பாத்துச் சொல்லுங்க, உடனே உடைக்கிறேன்."

வைத்துவிட்டார். என் மச்சான் மெதுவாகக் கேட்டார், "யாரு மாப்ள, மொதலாளியா?" ஆமாம் என்றேன். அந்தக் கணத்தில் அது பொய் மாதிரியும் இல்லை.

காரியம் நடக்கட்டும் என்று பையனைத் தூக்கிப் பக்கத்திலிருந்த பெரியப்பா மகன் மடியில் வைத்துவிட்டு எழுந்தேன். இடது காது அவன் மடியில்தான் குத்தப்பட்டது. அந்தத் துளை வலது காதை விட ஒரு நூல் கீழே இறங்கியிருக்கிறது என்று என் தங்கை இருபத்து மூன்று வருஷமாகச் சொல்லிவருகிறாள். பையனுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. நான் வீட்டுக்குப் போனால் அவனைக் கூப்பிட்டு நேராக நிற்கவைத்து எனக்குக் காட்டுவாள்.

விருந்துக்கு வந்தவர்களை ஏற்றிவந்த ஒரு வாடகைக் கார் நின்றது. டிரைவர் ஒட்டன்சத்திரத்துக்காரர், மரியாதையான மனிதர். தூத்துக்குடி என்றதும், "ஏனுங்க, சாப்பிட்டுப் போலாமுங்களா?" என்று மட்டும் கேட்டார். இலை போட்டு, வெஞ்சனம் வைத்து, கறிக்குழம்பு வாளி என் வரிசைக்கு வந்துகொண்டிருந்தது. அதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே கிளம்பினேன்.

நத்தம் தாண்டுவதற்குள் முதலாளி கூப்பிட்டுவிட்டார். திண்டுக்கல் ஆபீசிலிருந்து.

"ஏன்டா பூட்டுன?"

இந்த உலகத்தில் அன்று எல்லோருக்கும் ஒரே கேள்விதான். தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வழக்கம்தான் என்றேன். பின்னே அந்தப் பொண்ணு ஏன் உடைக்க மாட்டேங்குது என்றார். புதுசு, பயப்படுகிறது என்றேன். இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கூசுகிறது. பயந்தது யார் என்று எனக்கு அப்போதே தெரியும். அதுகிட்ட நான் பேசிக்கிறேன் என்று முதலாளி போனை வைத்தார். அவர் எப்படிப் பேசுவார் என்பது நாங்கள் எல்லோரும் அறிந்தது. பிலோமினா அதை எப்படித் தாங்குவார் என்று யோசிக்காமல் நான் ஜன்னல் வழியே மாந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பார்த்துக்கொண்டே முந்தின நாளை முதலிலிருந்து ஓட்டினேன். காலையில் இட்லி. பெயின்டர்களோடு சண்டை. கப்பல் தாமதம் என்ற தகவல். காதுகுத்துக்கு மோதிரம் வாங்க ஆள் அனுப்பியது. மதியம் சாப்பாடு, ரசம் உப்பு. அதன் பின் டேங்கைச் சுற்றி ஒரு நடை. பிறகு பூட்டு. பிறகு பஸ். நடைக்கும் பூட்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று இருந்தது. நாக்கு நுனியில் நிற்கும் பெயர் போல அது என் மண்டையின் எந்த நுனியிலோ நின்றது. மதுரை வந்தது, போனது. ரசம் உப்பு என்பது மட்டும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

தோழர்களே, ஒரு விஷயம் சொல்கிறேன். நாம் செய்த வேலையை நாம் மறக்க மாட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அக்கறை இல்லாமல் செய்த வேலையைத்தான் மறப்போம் என்றும் நினைக்கிறோம். நான் அந்தப் பூட்டை மிகவும் அக்கறையாகப் பூட்டியிருந்தேன். பூட்டிவிட்ட நிம்மதியில்தான் மறந்தேன்.

காரியாபட்டிக்குப் பக்கத்தில் டயர் பஞ்சர். வெயில் மண்டையைப் பிளந்தது. டிரைவர் ஜாக்கி போட்டு, டயரைக் கழற்றி, மாற்று டயரை மாட்டினார். கையாலேயே நட்டுகளைத் திருகிவிட்டு, ஸ்பானரால் இரண்டை மட்டும் இறுக்கிவிட்டு எழுந்தார்.

"இந்த ஸ்பானர் வழுக்குதுங்க. ரெண்டு நட்டு நின்னாப் போதுமுங்க சார். மிச்சத்த அருப்புக்கோட்டையில இறுக்கிக்கலாமுங்க."

அவர் சொல்லி முடிக்கும் முன் நான் குனிந்து அந்த இரண்டு நட்டையும் பார்த்தேன்.

தூக்குவாளி!

டேங்கைச் சுற்றி நடந்தபோது மேலே ஏறி, மேல் துவாரம் வழியே உள்ளே டார்ச் அடித்துப் பார்த்திருந்தேன். வேலை செய்த வெல்டர் யாரோ தன் சாப்பாட்டுத் தூக்குவாளியை டேங்குக்குள்ளேயே விட்டுவிட்டுப் போயிருந்தான். அதை எடுப்பதற்காக, டேங்கின் அடிப்பக்கத்தில் ஆள் நுழைவதற்கென்று இருக்கும் மூடியை நான்தான் கழற்றச் சொன்னேன். வாளி வந்துவிட்டது. மூடியைத் திரும்பப் போடும்போது, கசியாமலிருக்க நடுவில் வைக்கும் கேஸ்கட் கிழிந்திருந்தது. புதியது காலையில்தான் வரும். அதுவரை மூடி விழாமல் இருக்க, இருபது போல்ட்டில் நான்கை மட்டும் போட்டு நிறுத்திவிட்டு, தவறிக்கூட யாரும் எண்ணெய் விட்டுவிடக் கூடாது என்று வால்வைப் பூட்டினேன். ஃபிட்டரிடம் காலையில் வந்து முடிக்கச் சொன்னேன். கப்பல்தான் இரண்டு நாள் கழித்து வருகிறதே என்று அவன் வரவில்லை போலிருக்கிறது. மூடி இருந்த பக்கம் மதில் சுவர்ப் பக்கம். தூசி படாமலிருக்கப் பெயின்டர்கள் அதன் மேல் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். யார் கண்ணிலும் படாது.

எண்ணெய் உள்ளே ஏற ஏற அந்த நான்கு போல்ட்டும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணக்குப் போடாதீர்கள். நான் அன்றைக்கே போட்டுவிட்டேன். டேங்கைச் சுற்றி எழுப்பிய மண்கரைக்குள் முள்ளுச்செடி வெட்டப் பத்துப் பெண்கள் வந்திருப்பார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடை. அந்த டீக்கடை அடுப்பில் கொதித்த டீயை நான் தினமும் நான்கு முறை குடித்திருக்கிறேன்.

செல்போனை எடுத்தேன். சார்ஜ் இல்லை. பெருமையாகக் காட்டிக்காட்டியே தீர்ந்திருந்தது. எதிரே பரோட்டாக் கடையை ஒட்டி ஒரு எஸ்.டி.டி. பூத். ரோட்டைக் கடந்து ஓடினேன். டெர்மினல் நம்பர் மூன்று முறை எங்கேஜ்ட். நான்காவது முறை பிலோமினாவே எடுத்தார்.

"உடைச்சிட்டீங்களா?"

"இல்ல சார்."

அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். முதலாளி பேசினாரா என்றேன்.

"பேசினாரு. உடைக்கலன்னா நாளைலருந்து வர வேணாம்னு சொல்லிட்டாரு. அதுனால எனக்கு இன்னிக்கு உடைக்கிறதுக்கு அவசரமே இல்ல சார்."

காரணத்தைச் சொன்னேன். கேட்டதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். மேசை மேல் கிடந்த போன் வழியாக எனக்கு அந்த அறையின் மின்விசிறிச் சத்தம் கேட்டது. கப்பல் ஆள் ஒருவர் ஆங்கிலத்தில் யாரையோ திட்டுவது கேட்டது. பூத்துக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி விஷயமா என்று கேட்டார்.

திரும்பி வந்தார். "நாலுதான் சார். அதுலயும் ரெண்டு கையாலயே கழலுது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "கேஸ்கட் ஸ்டோர்ல வந்து கெடக்கு. ஆள் வெச்சுப் போட்டு இருபதையும் இறுக்கிருவேன். செடி வெட்டுறவங்கள வெளிய அனுப்பிட்டேன். டீக்கடை அண்ணன் இன்னிக்கு அடுப்பப் பத்த வெக்க மாட்டேன்னு சொல்லிருக்காரு. அப்புறம் பூட்ட உடைக்கலாமா சார்?"

"உடைங்க" என்றேன். அன்றைக்கு நான் இரண்டாவது முறையாகச் சொன்ன அதே வார்த்தை. ஆனால் இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது உங்களுக்குத் தெரியும்.

அடுத்து முதலாளிக்குப் போட வேண்டும். டயல் செய்யுமுன் கொஞ்ச நேரம் ரிசீவரைக் கையிலேயே வைத்திருந்தேன். மூடி விவரத்தைச் சொன்னேன். கேட்டதும் அவர் குரல் மாறிவிட்டது.

"அப்ப நீ பூட்டுனதாலதான் தப்பிச்சோம்னு சொல்லு. அதானே பாத்தேன். நம்ம டெப்போ ஆளு சும்மா பூட்ட மாட்டானேன்னு."

என் வாழ்க்கையில் முதலாளி என்னைப் பாராட்டியது மொத்தம் இரண்டு முறை. அதில் ஒன்று இது. அதை அப்படியே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு காரில் ஏறியிருக்கலாம். பூட்டு உண்மை, போல்ட் உண்மை, கம்பெனி தப்பித்ததும் உண்மை. ஒரு பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பூத்தில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. பரோட்டா மாஸ்டர் எதையோ ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"நான் மறந்துட்டேன் மொதலாளி. ஏன் பூட்டுனேன்னே மறந்துபோச்சு. உடைன்னு சொன்னதும் நான்தான். அந்தப் பொண்ணு பயந்துபோய் நிக்கல. காரணம் தெரியாம உடைக்க மாட்டேன்னு நின்னுச்சு. நம்ம ரெண்டு பேர் பேச்சையும் கேட்டிருந்தா இந்நேரம்…"

"அதுகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று முதலாளி இடைமறித்தார். காலையில் சொன்ன அதே சொற்கள். என்ன பேசப்போகிறார் என்று தெரியாமலே வேறு ஸ்பானர் இரவல் வாங்கி, மீதி நட்டுகளை எல்லாம் நானே நின்று இறுக்கவைத்துவிட்டு வண்டியில் ஏறினேன்.

டெர்மினல் வாசலில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. ஒன்றாம் டேங்கின் வால்வைச் சுற்றி நான்கு பேர். ஒருவன் பூட்டு வளையத்தை ரம்பத்தால் அறுக்க, ஒருவன் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். தரையில் முறிந்த பிளேடுகள் கிடந்தன. ஒரு மணி நேரமாக அறுக்கிறார்கள், பாதிதான் போயிருக்கிறது என்றார்கள். எவ்வளவு வெட்கத்தில் இருந்தாலும் திண்டுக்கல்காரனுக்கு அந்த இடத்தில் ஒரு சின்னப் பெருமை வரத்தான் செய்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், சந்தனம் ஒட்டியிருந்த சாவியைப் போட்டேன். ஒரு திருப்பில் திறந்துகொண்டது.

பிலோமினா தள்ளி நின்றிருந்தார். நான் போய்க் கேட்டேன், முதலாளி பேசினாரா என்று. பேசினார் சார் என்றார். என்ன சொன்னார் என்றேன். "நாளைக்கு வரச் சொன்னாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு, ரேடியோவில் கப்பலுக்குச் சம்மதம் கொடுத்தார். குழாய்க்குள் முதல் எண்ணெய் வரும்போது ஒரு சத்தம் வரும். தூரத்தில் மழை வருவது போல ஆரம்பித்து, காலடி வரை வந்துவிடும். அப்புறம் எத்தனையோ கப்பல்களுக்கு அதைக் கேட்டிருக்கிறேன். அந்த முதல் சத்தத்தை நினைத்தால் மட்டும் இன்னும் எனக்கு மயிர்க்கூச்செறியும். இருட்டும் வரை நாங்கள் இருவரும் அந்த மூடியருகே நின்று இருபது போல்ட்டையும் மாறி மாறித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொட்டுக் கசியவில்லை.

மறுநாள் காலையில் பிலோமினா ஒரு காரியம் செய்தார். ஸ்டோரில் கிடந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் ஓட்டை போட்டு நூல் கோத்தார். பூட்டு தொங்கினால் அதோடு அட்டையும் தொங்க வேண்டும், அட்டையில் ஏன் பூட்டினோம் என்று எழுத வேண்டும் என்றார். இன்று நீங்கள் மாட்டும் சிவப்புப் பிளாஸ்டிக் அட்டைக்கு மூதாதை அந்தப் பெட்டிதான். பெரிய கம்பெனிகளில் இதெல்லாம் முன்பே உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டோம். நாங்கள் மண்ணெண்ணெய் லாரியிலிருந்து கிளம்பி வந்தவர்கள். எங்களுக்கு அது அன்றுதான் கண்டுபிடிக்கப்பட்டது.

அதன் பின் டேங்குகள் இரண்டு ஆறாயின, ஆறு பதினைந்தாயின. அடுத்த துறைமுகம், அதற்கடுத்தது. இருபத்திரண்டு வருஷத்தில் பெரும்பாலும் பிலோமினாவும் நானும் ஒரே இடத்தில்தான் வேலை பார்த்தோம். எங்கே மாற்றினாலும் இருவரையும் சேர்த்தே மாற்றினார்கள். நல்ல ஜோடி என்று நிர்வாகம் கண்டுகொண்டதாக நான் நினைத்தேன். தினமும் காலையில் என் மேசைக்கு வருவார். "இன்னிக்கு எதையெல்லாம் சார் பூட்டியிருக்கீங்க? ஏன் சார்?" என்று கேட்பார். நானும் பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொல்வேன். அவர் நோட்டில் குறித்துக்கொள்வார். பதவி உயர்ந்து எனக்குச் சமமாக வந்த பிறகும் கேட்டார். என்னையும் தாண்டிப் போய், டெர்மினலுக்கே தலைவரான பிறகும் கேட்டார். இவ்வளவு உயர்ந்தும் கற்றுக்கொள்ளும் ஆர்வம் போகவில்லையே என்று கூட்டங்களில் நான் அவரை உதாரணம் காட்டிப் பேசியிருக்கிறேன். அவரும் முன்வரிசையில் உட்கார்ந்து அடக்கமாகக் கேட்டுக்கொண்டிருப்பார்.

போன வருஷம் என் பிரிவு உபசாரம். திண்டுக்கல்லிலேயே நடத்தினார்கள், அந்தப் பழைய டெப்போவில். தகரக் கொட்டகை போய்க் கட்டடம் வந்துவிட்டது. எடை மேடை மட்டும் அதே இடத்தில். அதன் மேல் வேறொரு நாய். முதலாளி காலமாகி ஆறு வருஷம். மாலை போட்டு, சால்வை போர்த்தி, எல்லாம் முடிந்தபின், பிலோமினாவும் நானும் எடை மேடை ஓரம் காபியோடு நின்றோம். இனிமேல் சொல்வதில் தப்பில்லையே என்று, அன்றைக்கு முதலாளி போனில் என்ன சொன்னார் என்று கேட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும், நாளைக்கு வரச் சொன்னார் என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அவர் காபியை முடித்துவிட்டு, டம்ளரை எடை மேடை மேல் வைத்தார்.

"நாளைக்கு வந்துரும்மான்னாரு. அப்புறம் சொன்னாரு: 'அவன் நல்லவன்தான், உண்மையச் சொல்லிட்டான். ஆனா மறக்குற பய. எதப் பூட்டினாலும் ஏன் பூட்டுனன்னு தெனம் ஒருக்காக் கேட்டுக்க. அவன் ரிட்டயர் ஆகுற வரைக்கும் அவனத் தனியா விடாத'ன்னாரு."

நான் எடை மேடையின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலி டம்ளருக்கெல்லாம் அது அசையாது.

"அப்ப நான் உங்களுக்குக் கத்துக்குடுத்ததெல்லாம்?" என்றேன்.

"எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கேன் சார்" என்றார். "நீங்க திறக்க மறந்தது மொத்தம் பதினோரு பூட்டு."